பரிசு, ரூபாய் 2316

ராத்திரி ஷிப்ட் முடித்து
உச்சி வெயிலில் உறங்கிக்கொண்டிருந்தேன்.
தபால்காரர் பூலுடையார் மணியடித்திருக்கிறார்.
"அண்ணாச்சி உறங்குதாவ" என்றாளாம் ஜெசிந்தா.
"உறங்கட்டும். ரூவா முழிச்சிருந்தா போதும்."

செருப்புப் பெட்டியில் பாதி அளவு.
மூலைகள் நசுங்கி,
சென்னையில் யாரோ பிரித்துப் பார்த்து
வேறு நாடாவால் திரும்ப ஒட்டியது.
பச்சைச் சீட்டில்
பொருள்: பரிசு.
மதிப்பு: பத்து டாலர்.
அனுப்புநர்: லின் மேய்-ஹுவா, தைவான்.

நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை.
சைக்கிளின் பின் சக்கரத்துக்கு ஒரு கியர் மாற்றி,
ஐயாயிரத்து நானூறு கொடுத்து வாங்கினேன்.
முகம் தெரியாத அந்தக் கடைக்காரி
எனக்கு வரி விழக் கூடாதென்று இரங்கித்
தானாக எழுதிய சொல் அது.
சுங்கத்துக்காரர் இரங்கவில்லை.
பத்தை அடித்துவிட்டு அசல் விலையைப் போட்டார்.
விலைக்கு வரி,
வரிக்கு மேல் கூடுதல்,
எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அதன் மேல் இன்னொன்று,
பிரித்துப் பார்த்த கைக்கும் கூலி.

ஜெசிந்தா அன்பியக் குழுவுக்குப் பொருளாளர்.
கணக்கு ஐந்து ரூபாய் உதைத்தாலும்
விளக்கை அணைக்க விடமாட்டாள்.
அவள்தான் எண்ணிக் கொடுத்திருக்கிறாள்.
மீதி நாலு ரூபாய்ச் சில்லறை
பூலுடையாரிடம் இல்லை.

எழுந்ததும் காப்பி வரவில்லை, பெட்டி வந்தது.
"யாரு இது, மேய்?"
"கடைக்காரி."
"கடைக்காரி எதுக்கு உமக்குப் பரிசு தாரா?"
"பரிசு இல்ல. வெலைக்குத்தான் வாங்குனேன்."
"அப்ப பொய் எழுதுன பொம்பள."
"நல்லது நெனச்சு…"
"அவ நல்லது நெனச்சதுக்கு நாம கெட்டுன தெண்டமா?"

அந்த நேரம் பார்த்து
பணகுடி நாற்கரச் சாலையில்
காற்றாலை இறகு ஒன்று போயிற்று.
தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கியது.
மூன்று தென்னை நீளம்,
முன்னால் ஜீப், பின்னால் சிவப்புக் கொடி.
பத்து வருஷமாக அந்தக் கோபுரங்களில் ஏறி இறங்குகிறவன் நான்.
உச்சியில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது,
என் வீட்டைவிடக் கனம்.
அதற்கெல்லாம் சுங்கத்தில் சலுகை உண்டென்று
ஸ்டோர்ஸ் மானுவேல் சொல்வார்.
என்னுடையதோ
உள்ளங்கையில் கருவாட்டுத் துண்டு போலக் கிடக்கிறது.
இதைச் சொன்னேன்.
"அது கரண்டு குடுக்கு.
உம்ம சைக்கிள் என்ன குடுக்கு?"

மாட்டி முடிக்கச் சனி இரவாயிற்று.
நெம்புகோலைத் தட்டினால்
பல்லி சொல்வது போல ஒரு சத்தம்,
சங்கிலி அடுத்த பல்லுக்குப் போய்விடுகிறது.
இவ்வளவுதான். இதற்குத்தான்.

ஞாயிறு முதல் பூசைக்கு முன் கிளம்பி
வள்ளியூர் தாண்டி
நாங்குநேரிச் சுங்கச்சாவடி.
கார் நிற்கிறது, லாரி நிற்கிறது,
ஒரு வேன்காரர் மெஷின் இருமுறை பிடித்ததென்று
இறங்கிச் சண்டை போடுகிறார்.
ஓரத்துச் சந்தில் எனக்குத் தடையில்லை.
பச்சைச் சட்டைப் பையன் போ போ என்று கையாட்டினான்.
ஏனோ நான் காலூன்றி நின்றேன்.
"சைக்கிளுக்குக் கெடையாது சார்."
"கெட்டியாச்சு தம்பி" என்றேன்.
விளங்காமல் அடுத்த லாரியைப் பார்த்தான்.

திரும்பும்போது ஆனி மாதத்து மேல்காற்று
நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது.
மூன்று கியர் இறக்கினேன், மூன்று பல்லி.
காற்று எதற்கும் ரசீது தருவதில்லை.

வீட்டில் கணக்கு நோட்டு திறந்து கிடந்தது.
செலவு: மேய் அக்கா பரிசு, 2316.
பூலுடையார் பாக்கி, 4.
எதிரே வரவுப் பக்கத்தில்
பேனாவை வெகுநேரம் ஊன்றி
ஒன்றும் எழுதாமல் எடுத்த
ஒரு மைப்புள்ளி.